நூற்று முப்பத்தெட்டு

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால்
கோழி ஏறாமல் முள்கம்பி சுற்றி
ஒரு தகரப் புனல், ஒரு கண்ணாடிக் குழாய்.
மூன்று மணிக்கொரு தரம்
அதன் முன் குனிந்து நிற்பது என் வேலை.
குடை பிடிக்கக்கூடாது.
குடையில் வழிவதும் கணக்கில் விழுந்துவிடும்.

"மழைய அளந்து யாருக்கு விக்கப்போற?"
சிரித்தார்கள்.
கொழுந்தை நிறுக்கிறார்கள்,
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார்கள்.
இந்த மலையில் அளந்த எதுவும்
இதுவரை எங்களுக்காக அளந்ததில்லை.
சிரித்ததில் தப்பில்லை.

பயிற்சிக்கு வந்தவர் சொன்னார்:
எழுபத்தைந்து, மஞ்சள்.
நூறு, செம்மஞ்சள்.
நூற்றைம்பது சிவப்பு, கேள்வி கேட்காமல் இறங்கு.
மண்ணுக்கு இந்த எண்கள் தெரியுமா என்று
கேட்க நினைத்தேன்.
அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது.

பதுளையில் போனை எடுப்பவள் தில்ருக்ஷி.
முகம் தெரியாது. "கீயத?" என்பாள்.
சிங்களத்தில் நூற்றைம்பது வரை எண்ணுவேன்.
அதற்கு மேல் எண்ண வேண்டி வந்தால்
பேசிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

ஐப்பசியில் இரண்டு தரம் சிவப்பு.
இரண்டு தரமும் பள்ளிக்கூடத்துச் சிமெந்துத் தரையில்
அறுபத்தொரு பேர், ஒரே கக்கூஸ்.
மலை அசையவில்லை.
திரும்பி வந்தால் சடையனின் கோழிகளைக் காணோம்.
தோட்டத்தில் அரைப்பேர்தான் போட்டார்கள்.
மூன்றாம் தரம் எல்லார் போனிலும் ஒரு செய்தி
சிங்களத்தில் வந்தது.
சவர்க்கார விளம்பரமென்று அழித்துவிட்டாள் இந்துராணி.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, பதினொரு மணி.
டோர்ச் வெளிச்சத்தில்
நூற்று முப்பத்தெட்டு.
பன்னிரண்டு குறைகிறது.
என் சுண்டுவிரல் நகம்
அவ்வளவு இருக்கும்.

மேல் லயத்துச் சுவர் வெடிப்பின் குறுக்கே
ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டைப் பார்க்கப் போனேன்.
இரண்டாக இருந்தது.
பீலித் தண்ணீர்
பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வந்து
நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
நின்றது.
அவ்வளவு மழைக்குள் ஒரு பீலி வற்றினால்
அது கேட்கும்.
பயிற்சிப் புத்தகத்தில்
அதற்கொரு நிறம் இல்லை.

கோயில் வளைவில்தான் சிக்னல்.
ஏறிப்போகக் கால் மணி.
போகவில்லை.
பெரட்டுக்களத்துத் தப்பை எடுத்தேன்.
தோல் நனைந்து தொங்கிக் கிடந்தது,
நாய்கூடத் திரும்பவில்லை.
பிள்ளைகளின் கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்து
கரண்டியால் அடித்தேன், காம்பராவுக்குக் காம்பரா.

முதலில் வந்தது சடையனின் ஏச்சு.
அப்புறம் சடையன்.
"செவப்பா?"
"இல்ல."
"பின்ன?"
"எறங்குங்க."

விடிந்தது.
லயம் நின்ற இடத்தில் நின்றது.
மேலே நாலாம் நம்பர் மலையில்
ஒரு தேயிலை நிரை மட்டும்
ஒரு முழம் இறங்கி
வகிடு கோணிய தலைபோல் இருந்தது.
அவ்வளவுதான்.
அன்றைக்கும் அரைப்பேர்.
கரண்டி வளைந்துபோனதற்கு
என்னிடம் கடிதம் கேட்டார்கள்.

ஏன் முதலில் எடுக்கவில்லையென்று
தில்ருக்ஷி கோபப்பட்டாள்.
வெடிப்புக்கும் பீலிக்கும்
என்னிடம் சிங்களம் இல்லை.
"வீதுருவ கெடுணா" என்றேன்.
கண்ணாடி உடைந்தது.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து,
தமிழில்:
"தண்ணி... என்ன... கலர்?"

சொன்னேன்.
எழுதிக்கொள்கிறாள் என்று
பேனா கீறும் சத்தத்தில் தெரிந்தது.

மறுபடி மழை பிடித்த அந்தியில்
குழாயிலிருந்து நான் நிமிருமுன்
முள்கம்பிக்கு அப்பால் ஒரு குரல்.
கக்கத்தில் புதுக் கோழியோடு சடையன்.
"எத்தன?"
"அறுபத்திரண்டு."
கோழியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.
"இரு,
பீலியப் பாத்துட்டு வாரேன்."